சில்லு மாறியபோது கூட வந்தவையும் வராதவையும்

ஆர்ம் என்ற வகைச் சில்லு வைத்த மடிக்கணினி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இப்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறேன். முதலில் மேசை இழுப்பறையைத் திறந்து, கணினியில் சொருகிப் பயன்படுத்தும் பொருள்களையெல்லாம் வெளியே எடுத்து வையுங்கள், அப்புறம் பேசலாம். இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. வேகம் எப்படி, மின்கலம் எவ்வளவு நேரம் நிற்கும், விலை என்ன என்றுதான் கேட்க வந்திருப்பார்கள். நான் இருப்பது பினாங்கில், பாயான் பாருவில். பக்கத்திலேயே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. எங்கள் அடுக்குமாடியில் ஏதோ ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்த ஆள் இல்லாத வீடு குறைவு. அதனால் சில்லு பற்றி எல்லாரிடமும் ஒரு கருத்து தயாராக இருக்கும். ஆர்ம் எல்லாம் கைப்பேசிக்குத்தான் சரி என்பார் ஒருவர். இன்டெல் 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்த ஊரில் இருந்துகொண்டு வேறு சில்லு எதற்கு என்பார் இன்னொருவர். அந்த இரண்டாவது கருத்தை என்னால் சும்மா ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தீவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அடுப்பு எரிந்தது தொழிற்பேட்டைச் சம்பளத்தில்தான். எங்கள் வீடும் அதில் ஒன்று.

என் தொழில் எழுத்து சார்ந்தது. மலாயிலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து மலாய்க்கும் மொழிபெயர்ப்பேன். மிச்ச நேரத்தில் ஜார்ஜ் டவுனில் என் தாய்மாமா நடத்தும் சின்ன அச்சகத்துக்குப் பக்க வடிவமைப்பு செய்து கொடுப்பேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழாக் கையேடு, பதினாறாம் நாள் காரிய அட்டை, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் எல்லாம் உண்டு. பழைய மடிக்கணினி மதிய வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். அதன் விசிறிச் சத்தம் தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவருக்கே கேட்கும். அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாள்களில் காத்திருக்கும் நேரத்தில் வேலை செய்யலாம் என்றால், மின்செருகி இருக்கும் நாற்காலியைத் தேடுவதே முதல் வேலையாக இருக்கும். இதற்கெல்லாம் முடிவு கட்டத்தான் ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்ற ஆர்ம் சில்லு வைத்த விண்டோஸ் மடிக்கணினிக்கு மாறினேன். வாங்கிய நோக்கம் நிறைவேறிவிட்டது. ஆனால் அது நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வியையும் கிளப்பிவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் அடங்காததால்தான் இதை எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் கூடு

அம்மா 1980களில் பாயான் லெப்பாஸில் ஆபரேட்டராக இருந்தவர். மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லின் ஓரத்திலிருந்து கால்களுக்கு இணைக்கும் பிரிவு. சில்லு வடிவமைப்பு எங்கிருந்தோ வரும், சிலிக்கன் வட்டும் எங்கிருந்தோ வரும். அதை அறுத்து, ஒட்டி, கம்பி கட்டி, கூட்டுக்குள் அடைத்து, சோதித்து அனுப்புவது இங்கே. புதுக் கணினியைக் காட்டியதும் அவர் கையால் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டது இதுதான்: "ஏன்டா சூடே இல்ல? ஓடுதா இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் ஆர்ம் பிறந்த கதையை முழுசாகப் படித்தேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்று ஒரு சின்னக் கணினி நிறுவனம். பிரிட்டிஷ் பள்ளிகளில் பரவிய பிபிசி மைக்ரோ கணினியைச் செய்தவர்கள். அடுத்த கணினிக்குச் சந்தையில் கிடைத்த சில்லுகள் எதுவும் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. தாங்களே ஒன்றைச் செய்ய முடிவெடுத்தார்கள். சில்லுக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியலை, அதாவது கட்டளைத் தொகுதியை, வகுத்தவர் சோஃபி வில்சன். சில்லின் கட்டமைப்பை வரைந்தவர் ஸ்டீவ் ஃபர்பர். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு ஓடியது. அப்போது ஃபர்பர் மின்னோட்டத்தை அளந்தால் மானி பூஜ்யம் காட்டியிருக்கிறது. பார்த்தால், சில்லுக்கு மின்சாரம் தரும் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்ற கால்கள் வழியாக வரும் சமிக்ஞைகளில் கசிகிற கொஞ்ச மின்சாரத்திலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது.

அம்மாவின் கவனம் வேறு ஓர் இடத்தில் நின்றது. ஏகார்ன்காரர்கள் மின்சாரத்தைக் குறைத்தது கைப்பேசியை மனத்தில் வைத்து இல்லை. 1985இல் அப்படி ஒரு கைப்பேசியே கிடையாது. சில்லு ஒரு வாட்டுக்கும் குறைவாக எடுத்துக்கொண்டால் அதை மலிவான பிளாஸ்டிக் கூட்டில் அடைக்கலாம். அதைத் தாண்டினால் சூடு தாங்கும் செராமிக் கூடு வேண்டும், விலை ஏறிவிடும். கையில் இருந்த பணத்துக்குள் கணினியை முடிக்க நினைத்தவர்களின் கணக்கு அது. இதைச் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "செராமிக்னா தட்டுல வைக்கறப்பவே சூப்பர்வைசர் பக்கத்துல நிப்பாரு. ஒண்ணு உடைஞ்சா அவ்ளோதான். பிளாஸ்டிக்னா அப்படியில்ல, மளமளன்னு ஓடும்" என்றார். பொறியியல் கட்டுரைகளில் ஒரு வரியாகக் கடந்துபோகும் விஷயத்தை அவர் விரல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. சில்லைச் செய்கிற கதையை எழுதும்போது வரைந்தவர்கள் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். கூட்டில் அடைத்த பெண்கள் அந்தக் கதைக்குள் வருவதே இல்லை. எனக்கு இது வருத்தமாக இருக்கிறது.

ஆர்ம் நிறுவனம் 1990இல் தனியாகப் பிரிந்தது. அது சில்லு செய்து விற்று வளர்ந்த நிறுவனம் இல்லை. வடிவமைப்பையும் கட்டளைத் தொகுதியின் உரிமத்தையும் விற்கிறது. என் மடிக்கணினியின் சில்லை குவால்காம் வடிவமைத்தது, தைவானின் டிஎஸ்எம்சி செய்தது. 2025 மார்ச் 5 அன்று மலேசிய அரசு ஆர்முடன் ஒப்பந்தம் செய்தது நம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. 10 ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து, அவர்களுடைய வடிவமைப்புகளைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையையும், 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சியையும் பெறுவது திட்டம். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "எங்க காலத்துல வரைஞ்சது அங்கிருந்து வரும், நாங்க கட்டி அனுப்புவோம். இப்ப வரையவும் சொல்லித் தராங்களா? நல்லதுதான்லா" என்றார். வேறு சில்லு எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை.

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். சூடு குறைவதற்கும் மின்கலம் நீடிப்பதற்கும் முழுக் காரணம் ஆர்ம் கட்டளைத் தொகுதிதான் என்று விற்பனையாளர்கள் பேசுவது மிகை. 1978இல் வந்த 8086இலிருந்து வளர்ந்த இன்டெல் குடும்பத்தில் கட்டளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். 64 பிட் ஆர்மில் எல்லாம் நான்கு பைட். பிரித்துப் படிக்க இது எளிது, உண்மைதான். ஆனால் சில்லின் உள்ளே கணக்குப் போடும் பகுதியை எப்படி வடிவமைத்தார்கள், எந்த நுட்பத்தில் செதுக்கினார்கள், சும்மா இருக்கும்போது எந்தெந்தப் பகுதியை அணைத்து வைக்கிறார்கள் என்பவை அதைவிடப் பெரிய காரணங்கள். 2024 செப்டம்பரில் வந்த இன்டெலின் லூனார் லேக் சில்லுகள் பழைய கட்டளைத் தொகுதியை வைத்துக்கொண்டே நாள் முழுக்க மின்கலத்தில் ஓடின. ஆகவே மின்கலம் மட்டும்தான் உங்கள் கவலை என்றால் ஆர்முக்கு மாறியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இன்று இல்லை.

அன்றாடம்

அன்றாட வேலை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுவே நல்ல செய்தி. 2012இல் விண்டோஸ் ஆர்டி வந்தபோது பழைய மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. 2017க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 ஆர்ம் கணினிகளில் 32 பிட் பழைய மென்பொருள்கள் மட்டும் தட்டுத்தடுமாறி ஓடின. 64 பிட் மென்பொருளை ஓட்டும் வசதி விண்டோஸ் 11இல் வந்தது. 2024 ஜூனில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் கணினிகளோடு பிரிசம் என்ற புதிய எமுலேட்டர், அதாவது இன்டெல் சில்லுக்கு எழுதிய மென்பொருளை ஆர்மில் ஓட்டித் தரும் மென்பொருள், வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் குரோம் ஆர்முக்கென்றே வெளியாகியிருந்தது. உலாவி, மின்னஞ்சல், லிப்ரே ஆபிஸ், வங்கி, வருமான வரி வாரியத்தின் மின்விலைச்சீட்டுத் தளம் என்று என் நாளின் பெரும்பகுதி உலாவிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்கு உள்ளே எந்தச் சில்லு என்பது தெரியவே தெரியாது.

தமிழ் தட்டச்சில் எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. அது தேவைப்படவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு அஞ்சலில் பழகிய கை என்னுடையது. விண்டோஸிலேயே தமிழ் 99உம் தமிழ் அஞ்சலும் விசைப்பலகைகளாகச் சேர்ந்தே வருகின்றன; அமைப்பில் தேர்ந்தெடுத்தால் போதும். படகில் பட்டர்வொர்த் போகும்போது திருத்தம் முடிப்பேன், தண்ணீர்மலை அடிவாரத்துக் கடையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன், மின்வடத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவேன். மூடியதைத் திறந்தால் உடனே விட்ட வரியில் நிற்கிறது. இந்தச் சின்ன வசதி ஒரு நாளின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. சும்மா கிடைக்கும் பத்து நிமிடம்கூட வேலைக்கு ஆகிறது.

அச்சகத்து மேசை

மாமாவின் அச்சகத்துக்கு இந்தக் கணினியை எடுத்துப் போன பிற்பகலில்தான் விஷயம் திரும்பியது. அங்கே மூலையில் ஒரு பழைய மேசைக்கணினி இருக்கிறது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்தில் வாங்கியது. அச்சகத்தின் பழைய வேலைகள் எல்லாம் அதற்குள்தான். அதைச் சுற்றி இரண்டு பொருள்கள்: ஒரு பெரிய ஏ3 லேசர் அச்சுப்பொறி; அப்புறம் சுண்டுவிரல் அளவில் ஒரு டாங்கிள். அச்சுப்பொறி மாமா கடன் வாங்கி வாங்கியது, இன்றைக்கும் கரும்பச்சைத் தாளில்கூட எழுத்தைக் கூர்மையாகப் பதிக்கும். டாங்கிள் ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு உரியது. அழகான அலங்கார எழுத்துருக்கள், தட்டச்சு வசதி எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது. டாங்கிள் சொருகியிருந்தால்தான் எழுத்துருக்கள் திறக்கும். பழைய மேசைக்கணினி இனி அதிக நாள் தாங்காது என்பது எங்களுக்குத் தெரியும். வேலையை என் கணினிக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பதுதான் அன்றைய நோக்கம்.

மாமாவின் கணக்கு, டாங்கிள் சின்னப் பொருள், அது சுலபமாக வேலை செய்துவிடும். அச்சுப்பொறிதான் தகராறு செய்யும் என்பது. எனக்கும் அதே எண்ணம். நடந்தது நேர்மாறு.

கணினி ஒரு கருவியோடு பேச டிரைவர் என்ற சின்ன மென்பொருள் வேண்டும்; அச்சுப்பொறியின் தயாரிப்பாளர் ஆர்முக்கு அதை எழுதவில்லை. அவர்கள் தளத்தில் பழைய 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் மட்டும் இருந்தது; அதை நிறுவப் பார்த்தால் விண்டோஸ் ஏற்கவில்லை. ஆனால் அந்த அச்சுப்பொறிக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியும். பக்கத்தில் எது எங்கே வரவேண்டும் என்பதை விவரிக்க அடோபி 1984இல் கொண்டுவந்த மொழி அது. அதன் இலக்கணத்தை அவர்கள் புத்தகமாகவே வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் அதைப் படித்து மென்பொருள் எழுதலாம் என்ற நிலை உருவானது. விண்டோஸுக்குள் மைக்ரோசாப்டே எழுதிய பொதுவான போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் ஒன்று ஆர்முக்கும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தேன். அச்சுப்பொறி ஒரு நொடி முனகிவிட்டுத் தாளை இழுத்தது. மாமா கையெழுத்துப் பார்ப்பதுபோல் அந்தத் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். கையேட்டுக்குப் பக்கங்களைத் தானாக அடுக்கும் வசதி மட்டும் இதில் இல்லை. பக்க வரிசையை நானே பிடிஎஃப்பில் அமைத்துக் கொடுத்துவிடுகிறேன், சிரமம் ஒன்றும் இல்லை.

டாங்கிள் விஷயம் வேறு. எழுத்துரு மென்பொருள் நன்றாகவே நிறுவிக்கொண்டது. இன்டெல் சில்லுக்காக எழுதிய அந்தப் பழைய மென்பொருளின் கட்டளைகளை எமுலேட்டர் துண்டு துண்டாக எடுத்து ஆர்ம் கட்டளைகளாக மாற்றி ஓட்டியது, மெனு திறந்தது, பட்டியலில் எழுத்துருக்களின் பெயர்களும் வந்தன. அப்புறம் டாங்கிளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பெட்டி வந்து நின்றுவிட்டது. காரணம் எளிமையானது, ஆனால் மாற்ற முடியாதது. எமுலேட்டரின் கை எட்டுவது நாம் திறந்து மூடும் மென்பொருள்கள் வரைக்கும்தான். வன்பொருளோடு பேசும் டிரைவர்கள் இயங்குதளத்தின் உட்கருவுக்குள் ஓடுபவை. கோயில் மண்டபத்தில் யாரும் நிற்கலாம், கருவறைக்குள் குருக்கள் மட்டும் போவார் என்பதுபோல, உட்கருவுக்குள் ஆர்முக்கென்றே எழுதிய டிரைவருக்குத்தான் இடம். டாங்கிளை விற்ற நிறுவனம் இப்போது இல்லை. அதற்கு ஆர்ம் டிரைவர் எழுத ஆளும் இல்லை. அந்தத் துண்டுக்குள் பெரிய தகவல் எதுவும் கிடையாது. உரிமம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அந்த ஒரு சொல்லைக் கேட்க வழியில்லாமல் எல்லாம் நின்றுவிட்டது.

"பெருசு வேலை செய்யுது, சின்னது செய்யலையா?" என்று மாமா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். "எப்படிம்மா அது?"

கணினி தெரிந்த நண்பர் ஒருவர் கியூஇஎம்யூ என்ற மென்பொருளில் முழுப் பழைய கணினியையும் உட்கரு சகிதம் நகலெடுத்து ஓட்டலாம் என்றார். அதுவும் செய்து பார்த்தோம். கொள்கை அளவில் அது சரி. டாங்கிள்கூடத் தெரிந்தது. ஆனால் ஓர் எழுத்தை அடித்துவிட்டு அது திரையில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஒரு கோப்பைத் திறந்து எடுத்துக்கொள்ள ஆகும், கல்யாணப் பத்திரிகை வேலைக்கு ஆகாது.

ஆப்பிள் கணினிக்காரர்கள் இந்த இடத்தில் சிரிக்கலாம். அவர்கள் 1994இல் பவர்பிசி என்ற சில்லுக்கும், 2006இல் இன்டெலுக்கும், 2020 நவம்பரில் எம்1 வழியாக ஆர்முக்கும் மாறியவர்கள். என் தங்கையின் மேக்புக்கில் எதுவும் தடங்கியதே இல்லை. ஆனால் அங்கும் பழைய மென்பொருளை ஓட்டித் தரும் ரொசெட்டா ஒரு தவணைக்குத்தான். மேக்ஓஎஸ் 27ஓடு அதன் பொதுப் பயன்பாட்டை முடித்துக்கொள்ளப்போவதாக ஆப்பிள் 2025இல் சொல்லிவிட்டது. எமுலேட்டர் என்பது மாறுவதற்குக் கொடுக்கும் அவகாசம். அதை நிரந்தர வீடாக நினைத்து எதையும் கட்டிவிட முடியாது.

அந்தப் பிற்பகலுக்குப் பிறகு எனக்குள் அடங்காமல் இருப்பது இதுதான். சில்லு மாறியபோது கூட வந்தது எது, வராதது எது என்று பார்த்தால், அதற்கும் பொருளின் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. 1984இல் பிறந்த மொழி கூட வந்தது. அதற்கு ரொம்பப் பின்னால் வந்த டாங்கிள் வரவில்லை. இலக்கணத்தை வெளியே வைத்தவை வந்தன. பூட்டி வைத்தவை நின்றுவிட்டன. ஆர்ம் நல்லதா இன்டெல் நல்லதா என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். என் அனுபவத்தில் சில்லுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. பொருளைச் செய்தவர் தனக்குப் பிறகும் அது வாழட்டும் என்று நினைத்தாரா இல்லையா என்பதுதான் கணக்கு. நன்றாக ஓடும் கருவி ஒன்று, யாரும் ஒரு சின்ன டிரைவரை எழுதாததால் குப்பைக்குப் போவது எனக்குக் கோபம் தருகிறது. பெரிய அலுவலகங்கள் புதிதாக வாங்கிக்கொள்ளும். ஜார்ஜ் டவுன் சந்துகளில் கடன் கட்டி முடித்த இயந்திரங்களை நம்பித் தொழில் செய்பவர்கள் என்ன செய்வார்கள்? சில்லு மாற்றத்தின் செலவு கடைசியில் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

எழுத்துருவுக்குள் இருந்த பெயர்கள்

கோபத்தைவிடப் பெரிய கவலை அப்புறம் வந்தது. பழைய மேசைக்கணினியில் இருப்பவை கல்யாணப் பத்திரிகைகள் மட்டும் இல்லை. செபராங் பிறைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் ஆண்டு மலர்களும், கோயில் குடமுழுக்கு மலர்களும் அதில் இருக்கின்றன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்தில் அச்சானவை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பெயர்கள், பள்ளிக்கு நிலம் வாங்க நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல், எந்த லயத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு பெரியவர் எழுதிய நீண்ட கட்டுரை. அந்தத் தோட்டங்கள் பல இன்று இல்லை. அச்சடித்த பிரதிகள் எங்கே இருக்கின்றன என்றும் யாருக்கும் சரியாகத் தெரியாது. இந்தக் கோப்புகளை என் கணினிக்கு எடுத்து வந்து திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பை வரிசையாக வருகிறது.

ஏன் என்பது பழைய தட்டச்சுக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி உட்கார வைத்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இணையத் தமிழர்கள் டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். 1999இல் சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. விண்டோஸ் 2000 முதல், எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுத் தரமான யூனிக்கோடில் தமிழ் கணினியிலேயே இருந்தது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிக்கோடு தமிழ் தெரியாது. அச்சகங்கள் பேஜ்மேக்கரை விடவில்லை. ஆகவே மாமாவைப் போன்றவர்களிடம், தமிழ் இணையம் யூனிக்கோடில் செழித்த காலத்திலும், பூட்டிய எழுத்துருவில்தான் எழுத்து சேர்ந்துகொண்டே இருந்தது. டாங்கிள் போனால் எழுத்துருவும் போகும். எழுத்துரு போனால் அந்தப் பெரியவரின் கட்டுரையைப் படிக்க ஆள் இருந்தும் பயனில்லை.

அதனால் மாமாவும் நானும் ஒரு வேலையில் இறங்கினோம். பழைய மேசைக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்துத் தனியாக வைத்துவிட்டோம். 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கே மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்ட நிலையில், அதைவிடப் பழையதை வலையில் விடுவது சரியில்லை. முதலில் அதில் ஒவ்வொரு மலரையும் திறந்து பிடிஎஃப் ஆக்கினோம். பக்கம் எப்படித் தோன்றியது என்பதாவது பத்திரமாகிவிடும். அடுத்து எழுத்தையே காப்பாற்ற வேண்டும். பிடிஎஃப்பில் தெரியும் தமிழையும் கோப்பில் இருக்கும் குப்பை வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறியீடு எந்தத் தமிழ் வடிவம் என்று அட்டவணை போட்டோம். அட்டவணையை வைத்து எழுத்தை மாற்ற ஒரு சின்னப் பைத்தான் நிரல் எழுதினேன். பைத்தான் ஆர்முக்கென்றே கிடைக்கிறது. அந்த மலர்களைத் திறக்க முடியாத அதே கணினி, அவற்றை மாற்றுவதை ஒரு நொடியில் முடித்துவிடுகிறது.

அட்டவணை மட்டும் போதாது என்பது சீக்கிரம் தெரிந்தது. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படும். 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' பின்னால். யூனிக்கோடில் 'க' முதலில் வரவேண்டும், கொம்பு அதன் பின்னால். 'கொ' என்றால் இடப்பக்கக் கொம்பையும் வலப்பக்கக் காலையும் தேடிப் பிடித்து ஒரே குறியாகச் சேர்க்க வேண்டும். 'கௌ' வந்தால் அதில் இருப்பது ஔகாரக் குறியா, 'ள' என்ற எழுத்தா என்று நிரலுக்குத் தெரியாது. சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'டு', 'ணு', 'றூ' ஒவ்வொன்றும் தனித்தனி வடிவம். இவையெல்லாம் ஒழுங்காக வந்தபின் அந்தப் பெரியவரின் கட்டுரையை உரக்கப் படித்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு பெயர் வந்ததும், "அவரு தான் எனக்கு அச்சுக் கோக்கக் கத்துக் கொடுத்தவரு" என்றார். நான் அதுவரை கேள்விப்படாத செய்தி.

இன்னொரு பக்கம் மாமாவுக்கு ஆசை எல்லாம் அந்தத் தொகுப்பிலிருந்த அலங்கார எழுத்துருக்கள் மேல்தான். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை அந்த வளைவுகளில் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர்கள் அதையே கேட்கிறார்கள். யூனிக்கோடில் நல்ல எழுத்துருக்கள் இப்போது ஏராளம், இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அந்த வளைவு வேண்டும் என்று கேட்பவருக்கு வேறொன்றைக் காட்டி, இதுவும் அழகுதானே என்று வாதாட மாமாவால் முடியவில்லை. அவர் செய்வது சரி என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட வேலை வந்தால் பழைய கணினியில் பெயரை மட்டும் படமாக எடுத்து, என் கணினியில் பத்திரிகையில் ஒட்டிக்கொள்கிறோம்.

மற்றபடி பழைய மடிக்கணினிக்குத் திரும்பும் எண்ணமே எனக்கு இல்லை. அதைத் தங்கை மகன் பாடம் படிக்கக் கொடுத்துவிட்டேன். இப்போது கையில் எடுத்திருப்பது ஒரு குடமுழுக்கு மலர். அதில் கிரந்த எழுத்துகள் வேறோர் எழுத்துருவில் இருக்கின்றன. 'ஸ்ரீ' பிடிபட்டுவிட்டது, 'க்ஷ' வரும் இடங்களில் நிரல் இன்னும் தடுமாறுகிறது. அந்த மலரின் அச்சுப் பிரதி கிடைத்தால் ஒப்பிட்டுச் சரிசெய்துவிடலாம் என்று மாமா, அந்தக் கோயிலின் பழைய செயலாளர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். பரணில் ஒரு பெட்டி இருப்பதாகவும், பேரன் வந்ததும் இறக்கிப் பார்ப்பதாகவும் சொன்னார்களாம்.